இரவல் குரல்

என் மகள் என்னிடம் முதன்முதலாகப் பேசிய வார்த்தை "வேணாம்". அப்போது அவளுக்குப் பதினோரு வயது.

அன்று நாங்கள் பிள்ளைக் காம்பராவில் இருந்தோம். தேயிலைக் கொழுந்து பறிக்கப் போகும் பெண்கள் கைக்குழந்தைகளை விட்டுவிட்டுப் போகும் இடம் அது. தோட்டத்தில் எனக்கு அங்கேதான் வேலை, அதனால் மகளையும் தூக்கிக்கொண்டு போவேன். தொட்டில்களுக்கு நடுவில் அவளைச் சாய்த்து உட்கார வைத்து, பாலில் ஊறிய ரொட்டியை ஊட்டினேன். பல் முளைத்த நாளிலிருந்து காலையில் அவளுக்கு அதுதான் சாப்பாடு. அவள் மடியில் கட்டியிருந்த டெப்பை, படத்தைத் தொட்டால் பேசும் அந்தக் கணினிப் பலகையை, குனிந்து பார்த்தாள். விரல்கள் விரியாது, மூடிய கை முட்டியால்தான் தொடுவாள். ஒரு படத்தில் முட்டி பட்டது. "வேணாம்" என்றது டெப்.

கை தவறிப் பட்டுவிட்டதென்று நினைத்து இன்னொரு வாய் கொண்டு போனேன்.

"வேணாம். வேணாம்."

"ரொட்டி வேணாமா? அப்ப என்னா வேணும்?"

அவள் கை நடுங்கி நடுங்கி அடுத்த படத்துக்குப் போய்ச் சேர நேரமெடுத்தது. "சோறு."

காலையிலேயே சோறு! பதினோரு வருடமும் அந்த ஊறிய ரொட்டியை அவளுக்குப் பிடிக்காமலேயே விழுங்க வைத்திருக்கிறேன். தூங்குகிற குழந்தைகள் எழுந்துவிடக் கூடாதென்று முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு அழுதேன். அவள் என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

அவளுக்குப் பெருமூளை வாதம். பிரசவம் சிக்கலாகி, தோட்டத்து லொறியில் என்னை ஏற்றி ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போவதற்குள் பிள்ளைக்கு மூச்சு முட்டிவிட்டது. கைகால்கள் எப்போதும் இறுகியே இருக்கும். உட்கார வைத்தால் ஒரு பக்கம் சரிவாள். வாயைத் திறந்தால் ஒரே மாதிரியான ஒரு சத்தம்தான் வரும். சந்தோஷத்துக்கும் அதுதான், கோபத்துக்கும் அதுதான். தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எல்லோரும் அவள்மேல் பாசமாகத்தான் இருந்தார்கள். ஆனால் அவளை வைத்துக்கொண்டே அவளைப் பற்றிப் பேசுவார்கள். "அதுக்கு என்னா தெரியும், பாவம்" என்பார்கள். பேசுகிறவர் முகத்தைவிட்டு அவள் கண் நகராது. அவளுக்கு எல்லாம் புரிகிறதென்று நான் சொன்னால், பெத்தவளுக்கு அப்படித்தான் தோணும் என்று என் தோளைத் தடவிவிட்டுப் போவார்கள்.

அரசாங்கம் அவளுக்கு ஒன்றுமே தரவில்லை என்று சொல்ல மாட்டேன். ஒரு தேர்தலுக்கு முன்னால் டவுன் மண்டபத்தில் மாலை போட்டு, போட்டோ எடுத்து, ஒரு சக்கர நாற்காலி கொடுத்தார்கள். வளர்ந்த ஆம்பளை உட்காருகிற அளவு. அவளை அதில் வைத்தால் இரண்டு பக்கமும் தலையணை செருக வேண்டும். ரோட்டிலிருந்து எங்கள் லயத்துக்கு இறங்குவது கல்படி. மழை பெய்தால் வெறுங்கையோடு இறங்குகிறவர்களே வழுக்கி விழுவார்கள். அன்று நாற்காலியை என் வீட்டுக்காரர் தலையில் சுமந்தார், மகளை நான் இடுப்பில் சுமந்தேன். அதற்குப் பிறகு அது மேலே ஏறவேயில்லை. தாழ்வாரத்தில் நின்று துருப்பிடிக்கிறது. மழைக்காலத்தில் அதன்மேல் விறகு காய வைக்கிறோம்.

டெப் கிடைத்தது பெரிய ஆஸ்பத்திரியில் இருந்த ஒரு மிஸ்ஸால். பேச வராத பிள்ளைகளுக்குப் பயிற்சி கொடுப்பவர், சிங்களப் பெண், சின்ன வயசு. எங்கள் அக்கரப்பத்தனையிலிருந்து பஸ் மாறி, மடியில் மகளை வைத்துக்கொண்டு அங்கே போய்ச் சேர்வதற்குள் என் கால்கள் மரத்துவிடும். மிஸ் முதல் நாள் மேசையில் சில படங்களைப் பரப்பினார். சிங்களத்தில் அவர் கேட்பதை நான் தமிழில் மகளிடம் சொல்ல வேண்டும். "பஸ் எங்க? பூனை எங்க? குளிருக்குப் போடுறது எது?" மகளின் கண்கள் சரியான படத்தில் போய்ப் போய் நின்றன. மிஸ் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அம்மே, மெயாட்ட ஒக்கோம தேரெனவா."

இவளுக்கு எல்லாம் விளங்குகிறது என்று அர்த்தம். என் பிள்ளையைப் பற்றி இன்னொரு மனிதர் அப்படிச் சொல்லி அன்றைக்குத்தான் கேட்டேன்.

யாரோ வெளிநாட்டுக்காரர்கள் ஆஸ்பத்திரிக்குக் கொடுத்திருந்த சில டெப்புகளில் ஒன்றை மிஸ் எங்களுக்கு இரவலாகத் தந்தார். படத்தை அழுத்தினால் அது பேசும். மகள் தண்ணீர்ப் படத்தை அழுத்தினாள். "வத்துர" என்றது டெப். மகள் திகைத்துப் போய் என்னைப் பார்த்தாள். அவள் சிங்களம் கேட்டு வளர்ந்தவள் இல்லை. அவள் வாயாக இருக்க வேண்டிய சாமான், அவளுக்கே புரியாத பாஷையில் தண்ணீர் கேட்டது.

"சொரி அம்மா" என்றார் மிஸ், தெரிந்த தமிழில். "தமிழ் கொரல் இதுல இல்ல. நாங்க கேட்டு இருக்கு, இன்னும் வரல்ல. ஆனா நீங்க பேசிப் பதிவு பண்ண ஏலும்."

எப்படிப் பதிவதென்று அவரே காட்டித் தந்தார். வீட்டுக்கு வந்து நான் டெப்பை நோண்டிக்கொண்டிருந்தபோது லயத்தில் சுவர் ஒட்டிய அடுத்த காம்பராப் பெண்பிள்ளை வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். அவளும் என் மகளும் ஒரே மாதத்தில் பிறந்தவர்கள். ஸ்கூல் விட்டு வந்தால் என் மகளின் தலைமாட்டில் உட்கார்ந்துதான் வீட்டுப்பாடம் எழுதுவாள். "இதுல பேசணுமா அத்தை?" என்று கேட்டுவிட்டு, நான் பதில் சொல்லும் முன்னே குனிந்து "தண்ணி!" என்றாள். நான் அதை ஓட விட்டதும் மகள் துள்ளிய துள்ளலில் பாயிலிருந்து சரிந்துவிட்டாள். அது அவள் வயசுக் குரல். அப்புறம் அந்தப் பிள்ளை சாயங்காலம் சாயங்காலமாக உட்கார்ந்து ஒவ்வொரு படத்துக்கும் பேசினாள். சோறு, வேணாம், அம்மா, குளிருது, போதும், எங்க, எப்ப, வலிக்குது. "சும்மா இரு" என்பதையும் அவளாகவே சேர்த்துவிட்டாள். மகள் அதை லயம் முழுக்கப் பயன்படுத்தினாள்.

அதற்குப் பிந்திய மாதங்களைப் போல ஒரு காலம் என் வாழ்க்கையில் முன்னும் இல்லை, பின்னும் இல்லை. கொழும்பில் சாப்பாட்டுக் கடையில் வேலை செய்யும் என் வீட்டுக்காரர் ஞாயிற்றுக்கிழமைகளில் கூப்பிடுவார். என் பட்டன் போனை டெப்புக்குப் பக்கத்தில் வைத்தேன்.

"அப்பா. எப்ப?" என்றது டெப்.

"அது பக்கத்துக் காம்பராப் புள்ளதானே? அதுகிட்ட ஏன் போனக் குடுக்குற?"

"உங்க மகதாங்க. கேக்குறது உங்க மக."

"வெளையாடாத."

"அப்பா. எப்ப? எப்ப? எப்ப?"

மறுமுனையில் ரொம்ப நேரம் பாத்திரம் கழுவுகிற சத்தம் மட்டும் கேட்டது. அந்த மாதமே லீவு கேட்டு வந்துவிட்டார்.

ஒரு நாள் அவள் சாப்பிடாமல் முரண்டு பிடித்தாள். உடம்பின் படம் இருக்கும் பக்கத்தைத் திறந்து வைத்தேன். "பல்" என்றாள். "வலிக்குது" என்றாள். வாய்க்குள் டார்ச் அடித்துப் பார்த்தால் கடைவாய்ப்பல் கறுத்துப் போயிருந்தது. அடுத்த நாளே கொண்டு போய்ப் பிடுங்கினோம். வலி வந்ததும் தெரிந்து, காரணமும் தெரிந்து, வைத்தியமும் நடந்தது. மற்றப் பிள்ளைகளுக்கு நடப்பது போலவே நடந்தது.

அந்தத் துணிச்சலில்தான் அவளைத் தூக்கிக்கொண்டு ஸ்கூலுக்குப் போனேன். பெரியவாத்தியார் நல்ல மனுஷர், நாற்காலி எடுத்துப் போட்டார்.

"சட்டம் எனக்கும் தெரியும் தங்கச்சி. எல்லாப் புள்ளைக்கும் படிக்க உரிமை இருக்கு. ஆனா பாத்ரூமுக்கு யாரு தூக்கிட்டுப் போறது? டெப்ப வகுப்புல வச்சா மத்த புள்ளைங்க எதப் பாக்கும், போர்டையா, இதையா?"

நான் வாய் திறப்பதற்குள் மகள் அழுத்தினாள். "ஸ்கூல். ஆசை."

அவர் என்னைப் பார்த்தார். "நல்லாப் பழக்கியிருக்கீங்க" என்றார்.

கிளியைப் பழக்கினவளைப் பாராட்டுவது போல. அவள் அவரிடம்தான் பேசினாள். அவர் அவள் பக்கம் திரும்பவேயில்லை. கல்படியில் இறங்கும்போது மகள் டெப்பைத் தொடவில்லை. என் கழுத்தில் முகத்தைப் புதைத்துக்கொண்டாள்.

தை மாதம் அடுத்த காம்பராக் குடும்பம் தோட்டத்தை விட்டுக் கொழும்புப் பக்கம் போய்விட்டது. அந்தப் பிள்ளை என் மகளைக் கட்டிப்பிடித்து அழுதாள். மகள் "சும்மா இரு" என்று அழுத்தினாள், அவளுடைய குரலிலேயே. இரண்டு பேரும் அழுகையோடு சிரித்தார்கள்.

சித்திரை வருடப் பிறப்பு முடிந்த கையோடு ஒரு பின்னேரம் மழை இருட்டிக்கொண்டு வந்தது. டெப் சார்ஜில் இருந்தது. இடி மேலே கோயில் பக்கம்தான் விழுந்திருக்க வேண்டும். லயத்தில் இருந்த எல்லா பல்புகளும் ஒரு தடவை வெளிச்சமாகி அணைந்தன. பிளக்கில் புகை. டெப்பை எடுத்தேன், சுட்டது. அமுக்கினேன், ஊதினேன், துடைத்தேன். கறுப்புக் கண்ணாடியில் என் முகம்தான் தெரிந்தது.

டவுனில் போன் கடைக்காரர் அதைத் திறந்து பார்த்துவிட்டு உதட்டைப் பிதுக்கினார். உள்ளே எல்லாம் கருகிவிட்டது. அதில் இருந்த குரலையாவது எடுத்துத் தரமுடியுமா என்று கேட்டேன். "ஒண்ணும் எடுக்க ஏலாதுங்க" என்றார்.

மிஸ்ஸிடம் ஓடினேன். அவர் அறை பூட்டிக் கிடந்தது. வெளிநாட்டுக்குப் போய்விட்டாராம். நாடு கஷ்டத்தில் விழுந்த பிறகு டொக்டர்மார், நேர்ஸ்மார் எத்தனையோ பேர் போனார்கள், அவரைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை. அவர் இடத்துக்கு இன்னும் ஆள் வரவில்லை என்றார்கள். இரவல் டெப்புகள் எல்லாம் வெளியே போயிருக்கின்றன, வேறு இல்லை என்றார்கள்.

பிள்ளைக் காம்பராவில் லீவு போட்டுவிட்டு, மகளையும் தூக்கிக்கொண்டு உதவி கொடுக்கும் அரசாங்கக் கந்தோருக்குப் போனேன். அந்த அதிகாரி தமிழ்க்காரர்தான்.

"என்னா வேணும் சொல்லுங்க. சக்கர நாற்காலி இருக்கு, ஊன்றுகோல் இருக்கு, காது மிசின், கண்ணாடி எல்லாம் எழுதித் தரலாம்."

"டெப் வேணுங்க சேர். புள்ள அதுலதான் பேசும்."

"டெப்பா? அது வெளையாட்டுச் சாமான்ல்ல? அதெல்லாம் இந்தத் திட்டத்துல வராதும்மா."

"காது கேக்காதவங்களுக்குக் காது மிசின் குடுக்குறீங்கதானே சேர். இது அவளோட வாய்."

அவர் படிவத்தை ஓரமாக வைத்தார். கல் நெஞ்சுக்காரர் இல்லை, மகளின் தலையைத் தடவினார். "நாஞ் சொன்னா மேல கேக்க மாட்டாங்கம்மா. இன்னொரு சக்கர நாற்காலி வேணும்னா எடுத்துட்டுப் போங்க" என்றார்.

மகள் செத்த டெப்பை விடவில்லை. தூங்கும்போதும் பக்கத்தில் வேண்டும். காலையில் நான் சோற்றைப் பிசையும்போது முட்டியால் அதை அழுத்துவாள், சத்தம் வராது, மறுபடி அழுத்துவாள், என் முகத்தைப் பார்ப்பாள். கெட்டுப் போச்சுடா கண்ணு என்று எத்தனை தரம்தான் சொல்வது? ஒரு நாள் அதன்மேல் கையை ஓங்கி ஓங்கி அடித்தாள், தோல் கிழிந்து ரத்தம் வந்தது. பிடித்து நிறுத்தினேன். என் கையைக் கடித்தாள். நான் அட்டையில் படம் வெட்டி ஒட்டிக் கொடுத்தேன். அட்டைக்கு ஏது சத்தம்? நான் அடுப்படியில் திரும்பி நின்றால் அவள் காட்டுவது எனக்கு எப்படித் தெரியும்? அட்டையை எச்சிலில் ஊறவிட்டு விலகிக்கொண்டாள்.

ஆனி மாதம் அழ ஆரம்பித்தாள். ஒரு நாள் இரண்டு நாள் அழுகை இல்லை. உடுப்பு மாற்றினால் அழுகை, தூக்கினால் அழுகை, பிள்ளைக் காம்பராவில் மற்றக் குழந்தைகளும் சேர்ந்து அழும் அளவுக்கு அழுகை. "டெப் இல்லாத பிடிவாதம்" என்றார்கள் லயத்தில். எனக்கும் அப்படித்தான் பட்டது. கோயிலில் கயிறு கட்டினேன். டவுனில் ஒரு டொக்டர் தூக்க மருந்து எழுதினார். குடித்துவிட்டுத் தூங்குவாள், எழுந்து அழுவாள். பல்லா என்று பார்த்தேன், காதா என்று பார்த்தேன், வயிற்றை அமுக்கிப் பார்த்தேன். அட்டையில் உடம்புப் படம் வரைந்து முன்னால் வைத்தேன். வலியில் கை ஒரு இடத்தில் நிற்காமல் அட்டை முழுக்க இழுபட்டது. "எங்க வலிக்குது, எங்க, எங்க" என்று அவள் தோளைப் பிடித்து உலுக்கியிருக்கிறேன். அவள் என் கண்ணையே பார்த்துக்கொண்டு அந்த ஒரே சத்தத்தைப் போட்டாள்.

ஆடியும் பாதி போனபின் பெரிய ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே எடுத்தார்கள். இடது இடுப்பு எலும்பு கிண்ணத்தைவிட்டு நழுவிக் கிடந்தது. இப்படிப்பட்ட பிள்ளைகளுக்கு வளரும்போது இது வருமாம். நான் அவளைத் தூக்கிய ஒவ்வொரு தடவையும் அந்த இடத்தைத்தான் பிடித்துத் தூக்கியிருக்கிறேன்.

"ரொம்ப நாளா வலி இருந்திருக்கும்" என்று டொக்டர் சொன்னதை நேர்ஸ் தமிழில் சொன்னார். "புள்ள ஒண்ணும் சொல்லலியா?"

அந்தக் கேள்விக்கு நான் என்ன பதில் சொன்னேன் என்று ஞாபகம் இல்லை. ஏதோ கத்தியிருக்கிறேன். வெளியே மர வாங்கில் உட்கார வைத்துத் தண்ணீர் கொடுத்தார்கள்.

கண்டியில் ஆப்பரேஷன் செய்ய வேண்டும், திகதி வரும், காத்திருங்கள் என்றார்கள். வலிக்கு மாத்திரை தந்தார்கள். என் வீட்டுக்காரர் வேலையை விட்டுவிட்டு வந்தார். வரும்போது, கடையில் கூட வேலை செய்யும் ஒருவரிடம் பழைய போன் ஒன்று வாங்கி வந்திருந்தார், தொட்டு அமுக்குகிற போன். படம் அழுத்திப் பேசும் செயலி அதிலும் இலவசமாகக் கிடைக்கிறதென்று போன் கடைக்காரர் கண்டுபிடித்துப் போட்டுத் தந்தார். கண்ணாடி சின்னது. அவள் முட்டி ஒரே நேரத்தில் இரண்டு படத்தில் படும். அதனால் ஒரு பக்கத்துக்கு நான்கு படம் மட்டும் பெரிதாக வைத்தேன். இதிலும் தமிழ்க்குரல் சரியாக வரவில்லை. நானே பேசிப் பதிந்தேன். சோறு, தண்ணி, வலிக்குது, அம்மா.

அவள் முன்னால் வைத்தேன். ஆசையாகத்தான் முட்டியைக் கொண்டு வந்தாள். "தண்ணி" என்றது போன், என் குரலில். அவள் கை அப்படியே நின்றது. போனைப் பார்த்தாள், என் வாயைப் பார்த்தாள். முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"ஏன்டா? இதுதான் இப்ப இருக்கு. அமுக்குடா கண்ணு."

திரும்பவில்லை. அடுத்த நாளும் தொடவில்லை. கையைப் பிடித்து வைத்தால் இறுக்கி இழுத்துக்கொண்டாள்.

"ஒன் கொரல் அது. அது எப்படி அவளுக்குப் பேசும்?" என்றார் என் வீட்டுக்காரர். நான் அவர்மேல் எரிந்து விழுந்தேன். அவர் சொன்னதுதான் சரி என்று தெரிந்ததால் வந்த கோபம் அது. அவளுக்காகப் பதினோரு வருடம் நான்தானே பேசிக்கொண்டிருந்தேன். திரும்பவும் என் வாயையே அவளுக்குக் கொடுத்தால் எப்படி எடுப்பாள்?

அடுத்த காம்பராக்காரர்களின் நம்பரைத் தேடிப் பிடிக்கக் கொஞ்ச நாள் ஆனது. அந்தப் பிள்ளையின் அம்மா போனை எடுத்தார். நான் பாதி சொல்லும்போதே அந்தப் பிள்ளை போனைப் பறித்துக்கொண்டாள்.

"அத்தை, எல்லாஞ் செத்துப் போச்சா? நான் பேசினது எல்லாமா?"

"ஆமாம்மா."

"ஏன் அத்தை மொதல்லயே சொல்லல? நான் இப்பவே பேசி அனுப்புறேன்."

வாட்ஸ்அப்பில் வார்த்தை வார்த்தையாக வந்தது. கொழும்பு பஸ் ஹோர்ன் சத்தம் பின்னால் கேட்டது. குரல் கொஞ்சம் தடித்திருந்தது, என் மகளைப் போல அவளும் ஒரு வயசு கூடியிருந்தாள். என் வீட்டுக்காரரும் போன் கடைக்காரரும் உட்கார்ந்து ஒவ்வொன்றாகப் படத்துக்குள் ஏற்றினார்கள்.

மகள் சுவரைப் பார்த்துப் படுத்திருந்தாள். நான் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு படத்தை அழுத்தினேன். குரல் கேட்டதும் தலையைத் திருப்பினாள். முட்டியை நீட்டினாள். ரொம்ப நேரம் எடுத்தது.

"வலிக்குது" என்றாள்.

சோறு கேட்கவில்லை, அம்மா என்று கூப்பிடவில்லை. "வலிக்குது. வலிக்குது. வலிக்குது." அன்று முழுக்க அது ஒன்றுதான். எங்கே என்று தெரிந்த வலி, ஏன் என்று தெரிந்த வலி. மாத்திரை கொடுத்தேன், காலுக்கடியில் தலையணை வைத்தேன். செய்வதற்கு அதற்குமேல் என்னிடம் ஒன்றும் இல்லை. பேசாமல் கிடந்தபோது பேச மாட்டாளா என்று தவித்தேன். பேசினபோது காதைப் பொத்திக்கொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் போனை அவளிடமிருந்து எடுக்கவில்லை.

கிளினிக் நாளில் போனையும் கொண்டு போனேன். புது டொக்டர், இளம் பையன், சிங்களக்காரர். அவளைப் பார்க்காமல் எக்ஸ்ரேயைப் பார்த்துக்கொண்டு என்னிடம் பேசினார். அவள் அழுத்தினாள்.

"வலிக்குது."

அவர் நிமிர்ந்தார். "எயா மொக்கத்த கிவ்வே?" என்ன சொன்னாள் என்று என்னிடம் கேட்டார். நான் சிங்களத்தில் சொன்னேன். அவர் நாற்காலியை இழுத்து அவளுக்கு நேரே உட்கார்ந்தார். மெதுவாக, சிங்களத்தில், ஆப்பரேஷன் செய்தால் வலி குறையும் என்று அவளிடமே சொன்னார். நான் தமிழில் சொன்னேன்.

அடுத்த பக்கத்தைத் திறந்து வைத்தேன். அவள் கை ஆடிக்கொண்டே போய் நின்றது.

"எப்ப?"

இதை மட்டும் அவர் என்னைக் கேட்காமலே புரிந்துகொண்டார். எக்ஸ்ரேயை உறையில் போட்டார். கண்டியில் நிறையப் பிள்ளைகள் காத்திருக்கிறார்கள், திகதி வந்ததும் அறிவிப்பார்கள் என்று என்னைப் பார்த்துச் சொன்னார்.

"எப்ப? எப்ப?"

வெளியே அடுத்த தாய் பிள்ளையோடு காத்திருந்தார். நான் மகளைத் தூக்கினேன், இடது பக்கம் கை படாமல், இப்போது பழகிவிட்ட மாதிரி. பஸ்ஸில் இடம் கிடைக்கவில்லை. கண்டக்டர் ஒரு பையனை எழுப்பிவிட்டார். வளைவுகளில் பஸ் சாய்ந்தபோதெல்லாம் மகள் முனகினாள். பக்கத்தில் இருந்த பெண் போனை எட்டிப் பார்த்து, "ஐயோ, அதுவே பேசுதா" என்றாள்.

"அவதான் பேசுறா" என்றேன்.

திகதி இன்னும் வரவில்லை.